கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட தளபதி என்ன செய்வார்? முற்றுகைப் போர்: ஓர் எளிய அறிமுகம்

சினிமாவில் முற்றுகை என்றால் பத்து நிமிஷ வேலை. யானை ஓடிவந்து கதவை முட்டும், ஏணி சாத்துவார்கள், மேலிருந்து கொதிக்கும் எண்ணெய் கொட்டும், கடைசியில் நாயகன் கொடியை நட்டுவிடுவார். அதே கண்ணோடு வரலாற்றைப் படித்தால் பல விஷயங்கள் பிடிபடாமல் போகும். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையில் ராபர்ட் கிளைவ் 50 நாள் தாக்குப்பிடித்தார் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு ஒருவர் "மகா வீரன்" என்பார். இன்னொருவர் "உள்ளே பதுங்கிக் கிடந்தவனுக்கு என்ன வீரம்" என்பார். அந்த 50 நாளும் உள்ளே என்னதான் நடந்தது என்று இருவருமே கேட்பதில்லை.

சென்னையில் இன்னொரு பேச்சும் உண்டு. தலைமைச் செயலகம் இருக்கிறதே, அந்தப் புனித ஜார்ஜ் கோட்டையை யாருமே பிடித்ததில்லை என்பார்கள். அது தப்பு. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து சில நாள் குண்டு போட்டதுமே கோட்டை சரணடைந்துவிட்டது. 1749-ல்தான், ஐரோப்பாவில் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. 1758 கடைசியில் லாலி என்ற இன்னொரு பிரெஞ்சுத் தளபதி வந்தார். இரண்டு மாதம் அடித்துப் பார்த்தார், முடியாமல் திரும்பிப் போனார்.

ஒரே கடற்கரை, அதே கோட்டை. ஒரு தடவை சில நாளில் விழுகிறது, அடுத்த தடவை இரண்டு மாதம் நிற்கிறது. இது எப்படி என்று புரிந்துவிட்டால் முற்றுகை என்றால் என்ன என்பதும் புரிந்துவிடும்.

தண்ணீர் சூழ்ந்த அடுக்ககம்

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ ஓர் அடுக்ககம். தரைத்தளம் மூழ்கிவிட்டது, கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. மேல்தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான் தண்ணீர். எத்தனை குடும்பம், எத்தனை குழந்தைகள், எத்தனை கேன், எந்த போனில் எவ்வளவு சார்ஜ் என்று யாராவது ஒருவர் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. "ஏரியைத் திறந்துவிட்டார்களாம்" என்று வதந்தி வருகிறது. துணிச்சல்காரர் ஒருவர் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் கடைக்குப் போய்வருகிறேன் என்கிறார். அவரை விடுவதா, தடுப்பதா? எல்லோருக்கும் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: மீனவர் படகு எப்போது வரும், அதுவரை தண்ணீர் தாங்குமா?

முற்றுகைக்குள் இருக்கும் தளபதியின் நிலையும் இதுதான். கூடுதலாக, அந்தத் தண்ணீருக்குப் புத்தியும் பீரங்கியும் இருக்கும்.

ஆகவே முற்றுகை என்பது, ஓர் இடத்தைச் சுற்றி அடைத்து, உள்ளே எதுவும் போகாமல், வெளியே யாரும் வராமல் செய்து, அந்த இடத்தைப் பணியவைக்கும் போர்முறை. உள்ளே இருப்பவர்களைக் காவல்படை என்போம். அவர்களைக் காப்பாற்ற வெளியிலிருந்து வருவது மீட்புப் படை. இந்த இரண்டு பெயர்களும் கட்டுரை முழுக்க வரும்.

வள்ளுவர் சொன்ன மூன்று வழி

கோட்டையைப் பிடிக்க எத்தனை வழி? திருக்குறளின் 'அரண்' அதிகாரத்தில் 747-வது குறள் மூன்றே வழிதான் சொல்கிறது. சுற்றி வளைத்துப் பிடிப்பது, வளைக்காமல் நேரே பாய்ந்து தாக்கிப் பிடிப்பது, உள்ளிருப்பவரை விலைக்கு வாங்கிப் பிடிப்பது. 'முற்றியும் முற்றாது எறிந்தும் அறைப்படுத்தும்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அறைப்படுத்தல் என்பது கீழறுப்பு, அதாவது காட்டிக்கொடுக்கச் செய்வது.

வெடிமருந்து வந்த பிறகும் இந்தப் பட்டியலில் நான்காவதாக எதுவும் சேரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் இந்த மூன்றுக்குமே உதாரணம் உண்டு. பாய்ந்து பிடிக்கப் பார்த்தது ஆற்காடு, வளைத்துப் பிடிக்கப் பார்த்தது மதராஸ், காட்டிக்கொடுத்துப் பிடித்தது மதுரை.

மதில் எப்படி உடைகிறது

பீரங்கி வந்துவிட்டதால் மதில் பயனற்றுப்போனது என்று பலர் நினைக்கிறார்கள். உயரமான, மெல்லிய மதில்தான் பயனற்றுப்போனது. அதற்குப் பதிலாகத் தாழ்ந்த, தடித்த மதில்கள் வந்தன. பின்னால் மண் நிரப்பியிருப்பார்கள், குண்டு விழுந்தால் மண் வாங்கிக்கொள்ளும். மூலைகளில் அம்புமுனை போல வெளியே நீட்டிக்கொண்டு கொத்தளங்கள் இருக்கும். ஒரு கொத்தளத்தில் நிற்பவர் பக்கத்துக் கொத்தளத்தின் அடிவாரத்தைச் சுட முடியும், ஆகவே மதிலோடு ஒட்டி நின்று ஒளிய இடமே இருக்காது. வெளியே அகழி, அகழிக்கு அப்பால் மெல்லச் சரிந்து போகும் வெட்டவெளி.

அந்த வெட்டவெளியில் நேராக நடந்துவந்தால் செத்தார்கள். ஆகவே வெளியே இருப்பவர்கள் மண்வெட்டியை எடுப்பார்கள். ராத்திரியில் குழி வெட்டிக்கொண்டே முன்னேறுவார்கள். குழி நேர்க்கோட்டில் போனால் மதில்மேலிருந்து ஒரே குண்டில் மொத்த வரிசையையும் அடித்துவிடலாம் என்பதால் பாம்பு போல வளைந்து வளைந்து போகும். இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர் வோபான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1673-ல் மாஸ்ட்ரிக்ட் கோட்டையில் அவர் காட்டிய முறைதான் அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் எல்லா ஐரோப்பியப் படைகளுக்கும் பாடம். லாலியின் ஆட்களும் அதைப் படித்தவர்கள்தான்.

குழி போதுமான அளவு நெருங்கியதும் மண் நிரப்பிய கூடைகளை அடுக்கி அதன் பின்னால் பெரிய பீரங்கிகளை நிறுத்துவார்கள். ஒரே இடத்தைக் குறிவைத்து நாள்கணக்கில் அடிப்பார்கள். மதில் சரிந்து அதன் இடிபாடு அகழியில் விழும். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் மட்டும் போதாது. விழுந்த கல்லும் மண்ணும் ஒரு சரிவுப்பாதையாக அமைய வேண்டும், ஆள் ஏறி உள்ளே போகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படி ஏறிப்போகத் தக்க திறப்பைத்தான் உடைப்பு என்கிறோம். உடைப்பு உண்டாகிவிட்டதா இல்லையா என்பதில் தாக்குகிறவர்களின் கூடாரத்துக்குள்ளேயே சண்டை வரும். ஏறப்போகிறவனுக்கும் ஏறச் சொல்கிறவனுக்கும் அது ஒரே மாதிரி தெரியாதல்லவா!

இதில் ஒரு ஐரோப்பியச் சம்பிரதாயமும் உண்டு. உடைப்பு விழுந்த பிறகு தளபதி சரணடைந்தால் அது இழுக்கல்ல, கொடி பிடித்து மரியாதையோடு வெளியேற விடுவார்கள். அதற்குப் பிறகும் பிடிவாதம் பிடித்து, எதிரி பாய்ந்து உள்ளே வந்துவிட்டால் யாருக்கும் உயிர்ப்பிச்சை கிடையாது. எப்போது பணிவது, எப்போது மறுப்பது என்பது தளபதி தலையில்தான் விழும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அடைப்பது, குழி வெட்டி நெருங்குவது, உடைப்பு உண்டாக்குவது, பாய்வது. நான்குக்குமே நாள் பிடிக்கும். காவல்படையால் இதில் எதையும் முழுசாகத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும்.

ஆற்காடு: 26 வயதுக்காரரின் கணக்கு

1751-ல், ஆற்காட்டு நவாப் பதவிக்கு ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். வெளியே அதே பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பும் அவரை ஆதரித்த பிரெஞ்சுக்காரர்களும். திருச்சியை நேராகப் போய் மீட்கும் அளவுக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஆள் இல்லை. சந்தா சாகிப்பின் தலைநகரான ஆற்காட்டில் கை வைத்தால் அவர் திருச்சியிலிருந்து ஒரு பகுதிப் படையை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பது திட்டம். 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு கிளைவ் மதராஸிலிருந்து கிளம்பினார். அவருக்கு 26 வயது நிறையப்போகும் சமயம், சில வருஷம் முன்புவரை கம்பெனியில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆற்காட்டில் இருந்த காவல்படை சண்டை போடாமலே வெளியேறிவிட்டது.

எதிர்பார்த்தபடியே சந்தா சாகிப்பின் மகன் ரஜா சாகிப் படையோடு வந்து சூழ்ந்தார். இதைக் கவனிக்க வேண்டும்: ஆற்காட்டு முற்றுகை தொடங்கியபோதே கிளைவ் வந்த வேலை பாதி முடிந்துவிட்டது. முற்றுகைக்குள் சிக்கியது அவருக்கு நேர்ந்த விபத்து இல்லை, திட்டத்தின் பலன். உள்ளே இருந்தவர் எத்தனை நாள் நிற்கிறாரோ அத்தனை நாள் திருச்சிக்கு லாபம்.

கோட்டையோ படுமோசம். சுற்றளவு ஒரு மைல், கோபுரங்கள் இடிந்து கிடந்தன, அகழி சில இடங்களில் நடந்தே கடக்கலாம். முற்றுகை தொடங்கும்போது நல்ல நிலையில் இருந்தவர்கள் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும்தான். ஒரு மைல் மதிலுக்கு 320 பேர் என்றால் எல்லா இடத்திலும் ஆள் நிறுத்த முடியாது. எங்கே நிறுத்தாமல் விடலாம் என்பதுதான் முதல் முடிவு. ஆரம்பத்தில் கிளைவ் வெளியே பாய்ந்து எதிரியை விரட்டப் பார்த்தார். அதில் ஆள் சேதம்தான் ஆனது. கோட்டைக்கு உள்ளிருந்து திடீரென்று வெளியே போய் அடித்துவிட்டுத் திரும்புவதை வெளிப்பாய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். மனத்தெம்புக்கு நல்லது, ஆள்கணக்குக்குக் கெட்டது.

புதுச்சேரியிலிருந்து 18 ராத்தல் குண்டு போடும் பெரிய பீரங்கிகள் வந்ததும் மதில் உடையத் தொடங்கியது. பகலில் உடைந்த இடத்துக்குப் பின்னால் ராத்திரியில் இரண்டாவது அரண் எழுப்பினார்கள். குழி வெட்டினார்கள், தடுப்பு வைத்தார்கள். எதிரி உடைப்பில் ஏறி வந்தால் உள்ளே இன்னொரு மதில் காத்திருக்கும். முற்றுகைக்குள் இருப்பவர்களின் உழைப்பில் பெரும்பங்கு துப்பாக்கியில் இல்லை, மண்வெட்டியிலும் கூடையிலும்தான்.

ரஜா சாகிப் பணம் தருவதாகவும், மறுத்தால் ஒருவரையும் விடமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார். கிளைவ் மறுத்துவிட்டார். வெறும் வீராப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மொராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை உதவிக்கு வரச் சம்மதித்திருந்தது, மதராஸிலிருந்து மீட்புப் படையும் கிளம்பியிருந்தது. படகு வருகிறது என்று தெரிந்தவனின் மறுப்பு அது. ரஜா சாகிப்புக்கும் அது தெரியும், ஆகவே காத்திருக்காமல் பாய்ந்தார். நவம்பரில் முகரம் நாளன்று விடியற்காலையில் தாக்குதல். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவுகளை நோக்கி ஓட்டினார்கள். ஆம், சினிமாவில் வரும் அதே காட்சி. துப்பாக்கிச் சூடு பட்ட யானைகள் திரும்பி ஓட்டியவர்களையே மிதித்துக்கொண்டு ஓடின. அன்று தாக்குதலைத் தடுத்தவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும். அடுத்த நாள் பார்த்தால் எதிரி முகாமில் ஆளில்லை.

சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியை மட்டும் தாங்கள் குடித்தார்கள் என்று ஒரு கதை ஆற்காட்டைப் பற்றி உண்டு. அது பிற்காலத்தில் எழுதியவர்கள் சொன்னது. அதை நம்பி மனம் உருகுவதைவிட, 320 பேரில் 200 பேர் நம் ஊர்ச் சிப்பாய்கள் என்ற எண்ணைக் கவனிப்பது நல்லது. பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரியில் அவர்கள் யாரும் வருவதில்லை.

மதராஸ்: இரண்டு கடிகாரம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1746-ல் எளிதாக விழுந்த அவமானத்துக்குப் பிறகு கம்பெனி கோட்டையைக் கிட்டத்தட்டத் திருப்பிக் கட்டியது. மேற்கே ஆற்றுப்படுகையைத் தூர்த்து இடம் எடுத்து, புதுக் கொத்தளங்களும் அகழியும் அமைத்தார்கள். உள்ளே 1,700 ஐரோப்பியரும் 2,200 சிப்பாய்களும் ஏறத்தாழ இருந்தார்கள். 1746-ல் இருந்த காவல்படையோ சில நூறு பேர்தான்.

லாலி 1758 ஜூனில் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த சூட்டோடு இருந்தார். ஆனால் டிசம்பர் நடுவில்தான் மதராஸ் வந்து சேர்ந்தார். ஏன் டிசம்பர் என்பது முக்கியம். அந்தக் காலத்தில் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், மசுலா படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்குப் பயந்து பெரிய போர்க்கப்பல்கள் இந்தக் கரையைவிட்டே போய்விடும். ஆங்கிலக் கப்பற்படை பம்பாய்க்குப் போய்விட்டது, பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியஸுக்கு. ஆகவே லாலியிடம் இருந்தது ஒரு கடிகாரம்: ஆங்கிலக் கப்பல் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும். உள்ளே இருந்தவர்களிடம் இன்னொரு கடிகாரம்: அதுவரை அரிசியும் வெடிமருந்தும் நிற்க வேண்டும்.

யார் தலைமை என்பதையும் தெளிவாக வைத்தார்கள். கவர்னர் ஜார்ஜ் பிகட் கையில் மொத்தப் பொறுப்பு. ஆனால் அனுபவசாலியான ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், டிரேப்பர், பிரெரட்டன், பொறியாளர் ஜான் கால் ஆகியோரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு முற்றுகையில் இது சின்ன விஷயமே இல்லை. வெளியே லாலிக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் ஒத்துப்போகவே இல்லை.

டிசம்பர் 14-ஆம் தேதி பிரெஞ்சுப்படை கறுப்பர் பட்டணத்துக்குள் நுழைந்தது. கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த ஊர் அது, இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் பக்கம். வீடுகளைச் சூறையாடினார்கள், சாராயக் கிடங்கும் கையில் கிடைத்தது. இதுதான் சமயம் என்று டிரேப்பர் ஆட்களோடு வெளிப்பாய்ச்சலுக்குக் கிளம்பினார். தெருவுக்குள் கைகலப்பாகி, பிரெஞ்சு அதிகாரி தெஸ்தேன் பிடிபட்டார். இவர்தான் பிற்பாடு அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக் கப்பற்படையை நடத்தியவர். ஆனால் டிரேப்பரும் ஏறத்தாழ 200 பேரை இழந்து திரும்பினார். உள்ளே இருப்பவரிடம் ஆள் போனால் திரும்ப வராது. அப்புறம் அந்த அளவுக்குப் பெரிதாக யாரும் வெளியே பாயவில்லை.

லாலியின் பீரங்கிகள் சுடத் தொடங்கியது 1759 ஜனவரி 2-ல்தான். வந்து சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது! கறுப்பர் பட்டணத்து வீடுகளின் மறைவில் குழி வெட்டி, வடகிழக்கில் கடலோரமாக மெல்ல மெல்ல நெருங்கினார்கள். கோட்டைக்குள் பிகட் தினமும் மதில்களைச் சுற்றிவந்தார். எதிரி போய்விட்டால் காவல்படைக்கு 50,000 ரூபாய் பகிர்ந்து தருவதாக அறிவிப்பும் வந்தது. கடல்பக்கம் முழுசாக அடைபடாததால் கட்டுமரக்காரர்கள் அலையில் புகுந்து கடிதம் கொண்டுபோனார்கள், கொண்டுவந்தார்கள். அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் வெளியே நடப்பது உள்ளே தெரிந்திருக்காது.

செலவுக் கணக்கு அப்படியே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு 26,554. தீர்ந்த வெடிமருந்து 1,768 பீப்பாய், மிச்சம் 668. இந்த மிச்சக் கணக்குதான் எனக்குச் சுவாரசியம். இரண்டு மாதம் சுட்டும் கால் பங்குக்கு மேல் கையில் வைத்திருந்தார்கள். எப்போது சுட வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்திருக்கிறார்.

பிப்ரவரியில் லாலியின் ஆட்கள் அகழியின் விளிம்புவரை வந்துவிட்டார்கள், உடைப்பும் உண்டாக்கினார்கள். ஆனால் அதில் ஏறிப்போவது தற்கொலை என்று அவருடைய அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். பிப்ரவரி 16 சாயங்காலம் வடக்கே பாய்மரங்கள் தெரிந்தன. ஆறு கப்பல், 600 படைவீரர். மறுநாள் காலை பிரெஞ்சுப்படை பீரங்கிகளையும், தூக்கிப்போக முடியாத நோயாளிகளையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

வெளியே இருந்த நண்பர்கள்

மதராஸைக் காப்பாற்றியது கப்பல்கள் மட்டும்தானா? வெளியே இருந்தவர்கள் லாலியின் கடிகாரத்தை வேகமாக ஓடவைத்தார்கள். செங்கல்பட்டுக் கோட்டையைப் பிடிக்காமல் விட்டுவிட்டு லாலி நேரே மதராஸுக்கு வந்திருந்தார். அது பெரிய பிசகு. அங்கிருந்து கேப்டன் பிரெஸ்டனும், கம்பெனிச் சிப்பாய்களின் தலைவர் யூசுப் கானும் பின்னாலிருந்து கடித்துக்கொண்டே இருந்தார்கள். மருதநாயகம் என்று நாம் சொல்லும் அதே கான் சாகிப்தான். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகளையும் மாடுகளையும் மறிப்பார்கள், படை திரும்பினால் மறைவார்கள். பிப்ரவரி 9-ல் பரங்கிமலையில் பகல் முழுக்க நடந்த சண்டையிலும் பிரெஞ்சுக்காரர்களால் இவர்களைத் துரத்த முடியவில்லை.

ஆக, முற்றுகை போட வந்தவரே பாதி முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார். சம்பளம் கொடுக்கப் பணமில்லை, சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை. உள்ளே இருப்பவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள் என்பது நம் பொது நினைப்பு. திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானவர்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்பவருக்கும் அதே பசிதான், சில சமயம் முதலில் வருவது அவருக்குத்தான்.

யாரும் வராதபோது

இரண்டே வருஷத்தில் ஆட்டம் திரும்பியது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற லாலி, புதுச்சேரிக்குள் அடைபட்டார். இப்போது உள்ளே இருப்பவர் அவர். வெளியே ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை, கடலில் ஆங்கிலக் கப்பல்கள். சாப்பாடு குறையக் குறைய, நவம்பரில் சுமார் 1,400 ஊர்க்காரர்களைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார். வாய்களைக் குறைப்பதுதான் நோக்கம். ஆங்கிலேயர் அவர்களைத் தாண்டிப்போக விடவில்லை, லாலி திரும்ப உள்ளே விடவில்லை. ஆண், பெண், குழந்தை எல்லோரும் இரண்டு படைக்கும் நடுவில் ஒரு வாரம் கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழி விட்டார். காவல்படையின் கணக்கு என்று மேலே எழுதினேனே, அந்தக் கணக்கின் இன்னொரு பக்கம் இது. இதைச் சொல்லாமல் கோட்டை காத்த வீரத்தை மட்டும் சொல்வது நேர்மையாக இருக்காது.

1761 புத்தாண்டு ராத்திரி புயல் அடித்து ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கின. அந்த இடைவெளியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்திருந்தால்கூடக் கதை மாறியிருக்கலாம். எதுவும் வரவில்லை. ஜனவரி 16-ல் புதுச்சேரி விழுந்தது. லாலிக்கு 1766-ல் பாரிஸில் தலையை வெட்டினார்கள்.

யூசுப் கானின் முறையும் வந்தது. 1763-ல் நவாப் முகமது அலிக்கும் கம்பெனிக்கும் எதிராகத் திரும்பி மதுரைக் கோட்டைக்குள் நின்றார். ஐந்து வருஷம் முன்னால் வெளியிலிருந்து லாலியைக் கடித்தவர் இப்போது உள்ளே. 1764 ஜூனில் நடந்த பெரிய தாக்குதலை முறியடித்தார். அதில் படுகாயப்பட்டு இறந்தவர் பிரெஸ்டன், செங்கல்பட்டில் அவரோடு தோளோடு தோள் நின்ற அதே பிரெஸ்டன். மதிலில் தோற்ற கம்பெனி, சுற்றி அடைத்துவிட்டுக் காத்திருந்தது. உள்ளே சாப்பாடு தீர்ந்தது, வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அக்டோபர் 13-ல் சொந்த ஆட்களே அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள், 15-ல் தூக்கு.

குறள் சொன்ன மூன்றாவது வழி இதுதான். துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், துரோகிகளின் பெயர்களைத் திட்டுகிறோம், திட்டலாம்தான். ஆனால் அந்தத் துரோகம் ஜூனில் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை இருந்தவரை அதே ஆட்கள் அவருக்காகச் செத்தார்கள். ஆற்காட்டில் மொராரி ராவ் இருந்தார், மதராஸில் கப்பல் வந்தது. மதுரைக்கு யாரும் இல்லை. மூன்று தளபதிகளில் மதிலைக் காப்பதில் சளைத்தவர் என்று யூசுப் கானைச் சொல்லவே முடியாது.

வெட்டவெளி வந்த கதை

மதராஸ் முற்றுகையிலிருந்து கம்பெனி கற்ற பாடம் சென்னை வரைபடத்தில் இன்னும் தெரிகிறது. லாலியின் ஆட்கள் ஒளிந்து முன்னேறியது வீடுகளின் மறைவில்தானே? ஆகவே கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மக்கள் முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள், அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். நடுவில் யாரும் வீடு கட்டக்கூடாத வெட்டவெளி. 1773-ல் அதற்கு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் இன்னும் நிற்கிறது, பஸ்ஸுக்கு ஓடும் கூட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை.

எதிரியைச் சுடுவதற்காகக் காலியாக வைத்த அந்த நிலத்தில்தான் 1892-ல் உயர் நீதிமன்றம் எழுந்தது. அதற்குள் கம்பெனியே போய்விட்டது, கோட்டையை முற்றுகையிட இந்தியாவில் வேறு ஐரோப்பியப் படையும் மிச்சமில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து சுட்டதில் குண்டு நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தது. அதையும் சிலர் சென்னை முற்றுகைகளில் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள் போய்விட்ட கப்பல் அது. யாரையும் அடைக்கவில்லை, எதற்கும் காத்திருக்கவில்லை. அதற்குப் பெயர் குண்டுவீச்சு.